கயிறு பஸ்

உட்காருங்கள் சார். எல்லாம் குழந்தைகள் நாற்காலிதான். பெரிய நாற்காலி ஒன்று இருக்கிறது, அது டீச்சரம்மாவுடையது. அதில் நான் உட்கார மாட்டேன். நீங்கள் உட்காருவது உங்கள் இஷ்டம்.

முதலில் அடையாள அட்டையைக் காட்டுங்கள். விசாரணை அதிகாரி என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம். கேட்பதில் தப்பில்லை. ம். படத்தில் மீசை இருக்கிறது, முகத்தில் இல்லை. சரி, எடுத்திருப்பீர்கள்.

பெயர் பலவேசம். அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். நானே எத்தனையோ கண்டக்டர்களிடம் வாக்குமூலம் வாங்கியவன். அதனால் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் சொல்வதை எழுதுங்கள். சொல்லாததை எழுதாதீர்கள். முடிந்ததும் படித்துக் காட்டுங்கள். அப்புறம்தான் கையெழுத்து.

புகார் என்னுடையதுதான். இந்த நகராட்சிப் பள்ளிக்கூடத்து எல்.கே.ஜி. டீச்சர் ஜெசிந்தா, பிள்ளைகளைச் சந்தைக்குக் கூட்டிப் போனார். போன இடத்தில் ஒரு பிள்ளை பிடியை விட்டுவிட்டு வண்டிக்குக் குறுக்கே ஓடியது. அந்தப் பிள்ளை என் பேத்தி மிதுனா. என் கண்ணால் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்டால் டீச்சருக்கு மாறுதல்தான் என்று ஹெச்.எம். வாசலில் முனகினார். வரட்டும். அதற்குத்தானே எழுதினேன்.

ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். குறுக்கே பேசாதீர்கள்.

என் மகன் ஓசூரில் இருக்கிறான். மருமகள் கோமதிக்கு இங்கே ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை. மிதுனாவைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டிய வயது வந்தது. பைபாஸ் பக்கம் தனியார் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. டை, ஷூ, வேன் எல்லாம் உண்டு. வாசலில் வாட்ச்மேன், அவர் கழுத்தில் விசில். மூன்று பேரும் பார்க்கப் போனோம். உள்ளே சத்தமே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் வாயில் விரலை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கோமதி அங்கே ஒரு நிமிஷம் நின்றாள். பிள்ளையைத் தூக்கினாள். வெளியே வந்துவிட்டாள்.

நேரே இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். இங்கே என்ன லட்சணம் என்றால், ஒரு பிள்ளை மண்ணில் உருள்கிறது, ஒன்று தண்ணீர்த் தொட்டியில் தோள்வரை கையை விட்டிருக்கிறது, இன்னொன்று மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. டீச்சர் எங்கே என்று தேடினால் அவரும் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். இது சரிப்படாது என்று சொன்னேன்.

"மாமா, ஒரு தப்பு கண்டுபிடிச்சுக் காட்டுங்க, அன்னைக்கே மாத்திடுதேன்" என்றாள் கோமதி.

யாரிடம் சொல்கிறாள் பாருங்கள். அதை நான் ஆர்டராகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மிதுனாவை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தெருப்பக்கம் இடுப்பு உயரச் சுவர் இருக்கிறதே, அங்கேதான் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் முற்றம் முழுக்கத் தெரியும்.

சாயங்காலம் வீட்டில் விசாரணை. இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். தண்ணீரில் எது மிதக்கும், எது முழுகும் என்று போட்டுப் பார்த்தார்களாம். வெண்டைக்காய் மிதந்ததாம். பீரோ சாவி முழுகியதாம். யார் சாவி? பள்ளிக்கூடத்துப் பீரோ சாவி. அரசாங்கச் சாவியைத் தண்ணீரில் போடுகிற டீச்சரை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? அதை மனதில் வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் முகம் கழுவிவிட்டு வந்தால் என் பல்செட்டைக் காணோம். வாளிக்குள் கிடக்கிறது. மிதுனா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். "முழுகும்னு சொன்னேன் தாத்தா, முழுகிட்டு" என்கிறாள். போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் சொன்னாளாம். அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. இதுதான் படிப்பு.

அப்புறம் மண். அந்த மூலையில் மணல் குவித்திருந்தது. பிள்ளைகள் தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி அள்ளி இந்த மூலைக்குக் கொண்டுவந்தன. பெரிய சிரட்டைக்கு இத்தனை சின்னச் சிரட்டை என்று பேசிக்கொண்டன. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. சைடில் ஏதோ கட்டட வேலை நடக்கிறது, கூலியில்லாமல் மண் சுமக்க வைக்கிறார்கள், இதில் ஏதோ கான்ட்ராக்டர் இருக்கிறான். விசாரித்தேன். கட்டடமும் இல்லை, கான்ட்ராக்டரும் இல்லை. மறுநாள் அதே மணலை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். இதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. லாபம் இல்லாமல் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள். அதனால்தான் சந்தேகம் கூடியது.

நிழல் விஷயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் வெயில் என் முதுகில் அடிக்கும். என் நிழல் சுவரைத் தாண்டி உள்ளே சிமெண்டுத் தரையில் விழும். தலை குழாய்வரைக்கும் போகும். ஒரு நாள் நாலைந்து பிள்ளைகள் சாக்பீஸோடு வந்தன. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் நிழலைச் சுற்றிக் கோடு போட்டன. தோள், காது, கை இடுக்கு எல்லாம் விடாமல் போட்டன. கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் நிழல் கோட்டுக்குள் சுருங்கியிருக்கிறது. "மிதுனா தாத்தா குட்டையாயிட்டாங்க" என்று ஒன்று கத்துகிறது.

நான் குட்டையாகவில்லை, வெயில் மேலே ஏறுகிறது என்று சொன்னேன். தப்பான தகவல் பரவக் கூடாதில்லையா? அப்படியென்றால் சாப்பாட்டு மணிக்கு நிழல் எங்கே நிற்கும் என்று கேட்டன. இங்கே என்று காட்டினேன். ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயின. மறுநாளிலிருந்து மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டன. என் நிழலைப் பார்த்து. சார், வெளியாள் ஒருவனுடைய நிழலை வைத்து அரசாங்கப் பள்ளிக்கூடம் நடக்கிறது. அதற்கு அனுமதி வாங்கினார்களா? யாரிடம் வாங்கினார்கள்? நான் கொஞ்சம் காலை மாற்றி நின்றால் போதும், "ஆடாதீங்க தாத்தா" என்று அதட்டல் வேறு. ஆடாமல்தான் நின்றேன். கண்காணிக்கிறவன் ஆடக் கூடாது. அவர்கள் சொன்னதற்காக நிற்கவில்லை.

மழை வந்த அன்று குடையோடு போய் நின்றேன். நிழலே இல்லை. பிள்ளைகள் வந்து தரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தன. நான் என்னவோ எடுத்து ஒளித்துவைத்த மாதிரி.

இப்போது கயிறு. அதோ ஆணியில் தொங்குகிறது பாருங்கள். இடம்விட்டு இடம்விட்டு முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு கலர்த் துணி கட்டியிருக்கிறது. ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முன்னால் டிரைவர், கடைசியில் கண்டக்டர். டீச்சர் டிரைவர் பக்கத்தில் நடப்பார். இதற்குக் கயிறு பஸ் என்று பெயர். முதலில் முற்றத்துக்குள் சுற்றினார்கள். அப்புறம் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு. தபால் ஆபீசுக்குப் பூவரச இலைதான் டிக்கெட். சந்தைக்குப் புங்க இலை. இலையில் கண்டக்டர் நகத்தால் ஓட்டை போட வேண்டும்.

கண்டக்டர் ஸனா என்று ஒரு பிள்ளை. தெத்துப்பல். வாய் ஜாஸ்தி. முதல் நாளே பார்த்தேன். ஒரு பையன் செருப்புக்குள் கால் நுழையாமல் நின்றுகொண்டிருக்கிறான். இவள் ரைட் கொடுத்துவிட்டாள். பஸ் போகிறது, பையன் அழுகிறான். எனக்குத் தாங்கவில்லை. சார், நான் பணியில் இருந்தபோது இந்த ஒரு தப்பைத்தான் மன்னித்ததில்லை.

"ஏளா, கடைசி ஆள் ஏறாம ரைட் கொடுக்கியே, நீயெல்லாம் வேலையில இருப்பியா?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"நீங்க யாரு?"

"செக்கர்."

"செக்கர்னா ஏன் வெளிய நிக்கீங்க?"

அது அவளுக்குத் தேவையில்லாத கேள்வி. ஆனால் ஒரு கண்டக்டர் எப்படி நடக்க வேண்டும் என்று சொன்னேன். ஒவ்வொரு முடிச்சையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முடிச்சில் ஆள் இருந்தால்தான் ரைட். ஒரு முடிச்சு காலியாக இருந்தாலும் ஹோல்டான் சொல்லி நிறுத்த வேண்டும். அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும், டிரைவர் காதில் விழ வேண்டும். மறுநாள் அவள் அதைத்தான் செய்தாள். பிள்ளைகள் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். எண்ணிக்கை பாதியில் தவறினால் திரும்ப முதலிலிருந்து. பஸ் கிளம்ப அரை நாள் ஆனது. ஆனால் யாரும் விட்டுப் போகவில்லை.

டீச்சரம்மா தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தார். சம்பளம் யாருக்கு, வேலை பார்ப்பது யார் என்று நீங்களே பாருங்கள். அதற்கப்புறம் தினமும் பிள்ளைகளைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு வந்து, "செக்கர் தாத்தாட்ட கேளுங்க" என்பார். டிக்கெட் விலை மாறுகிற ஸ்டேஜ் என்றால் என்ன, டிப்போவில் பஸ் எப்படிக் குளிக்கும், ரிவர்ஸில் போகும்போது யார் பின்னால் நிற்க வேண்டும். நான் சொல்வேன். சொல்லாவிட்டால் அவர் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார் என்று பயம். இப்படியே நாள் போயிற்று. ஆனாலும் நான் ஒரு தப்புக்காகக் காத்திருந்தேன். நினைவில் வையுங்கள். ஒரு நாளும் மறக்கவில்லை.

சந்தை விஷயத்துக்கு வருகிறேன்.

மிதுனா பைக்குள் புங்க இலை இருந்தது. சரி, நாளைக்குச் சந்தை. பிள்ளைகளை எதற்குச் சந்தைக்குக் கூட்டிப் போகிறார்? நான் போட்ட கணக்கு இது. பிள்ளைகளைக் காட்டினால் கடைக்காரர்கள் ஆளுக்கு ஒன்று இரண்டு சும்மா கொடுப்பார்கள். அது யார் வீட்டு அடுப்புக்குப் போகும்? தெரிய வேண்டுமா இல்லையா?

செக்கிங் என்பது ஸ்டாப்பில் நின்று செய்வதில்லை சார். ஸ்டாப்பில் நின்றால் எல்லோரும் யோக்கியர்கள்தான். அவர்கள் எதிர்பார்க்காத இடத்தில் நிற்க வேண்டும். உழவர் சந்தைக்கு முன்னால் பதநீர் வண்டி நிற்கும். நான் முன்கூட்டியே போய் அதற்குப் பின்னால் நின்றுகொண்டேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன். வண்டிக்காரர் பதநீர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அப்புறம் எதற்கு நிற்கிறீர் என்று பார்த்தார். அவர் வேலையை அவர் பார்க்க வேண்டியதுதானே.

கயிறு பஸ் வந்தது. ஒரு ஓரமாக நிறுத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையாகக் கடைக்குப் போய்த் தானாகக் கேட்க வேண்டும். இது மண்ணுக்கு மேலே காய்க்குமா கீழே காய்க்குமா, கொடியா செடியா என்று. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பதில் சொல்கிறார்கள். ஒரு அம்மா முள்ளங்கியை இலையோடு தூக்கிக் காட்டினாள். அதைப் பார்த்து ஒரு பையன், இது தலைகீழாக வளர்ந்திருக்கிறது என்றான். ஆளுக்கு ஒரு காய் கொடுத்தார்கள். எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போயிற்று. நான் நினைத்தது சரி. பை யார் கையில் இருக்கிறது என்று பார்க்க எட்டிப் பார்த்தேன்.

துண்டு நழுவியது.

அந்த நேரத்தில் மிதுனா முடிச்சை விட்டாள். ஓடினாள். தக்காளிப் பெட்டி ஏற்றிய குட்டியானை வேன் ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பின்னால் ஆள் யாரும் நிற்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் இவ்வளவு உயரப் பிள்ளை தெரியாது. ஸனா ஹோல்டான் என்று கத்தினாள். சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கயிறு நின்றது. வண்டியும் நின்றது. அந்த வண்டிக்காரன் எதற்கு நிறுத்தினான் என்று கேட்டேன். யாரோ ஹோல்டான் என்றார்கள், கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது என்றான். அது எல்லா டிரைவர்களுக்கும் உள்ள வியாதி. அதை விடுங்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் நெஞ்சு அடித்தது. என்னுடையது அடித்ததா என்று கேட்காதீர்கள், அது புகாரில் வராது.

டீச்சர் ஓடி வந்தார். பிள்ளை தலையைத் தடவினார், கையைக் காலைத் தடவினார். என்னைப் பார்த்தார். கையில் இருந்த துண்டைப் பார்த்தார். பதநீர் வண்டியைப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"நீங்க பக்கத்துல இருந்தது நல்லதாப் போச்சு அய்யா" என்றார்.

அவ்வளவுதான். போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சார், அந்த வார்த்தையை நான் ஒரு வாரமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். குத்தலா, கிண்டலா, உண்மையா? ஒருத்தர் நம் மேல் கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படவில்லை என்றால் என்ன அர்த்தம்? உள்ளே ஏதோ வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

அந்தக் காய் எல்லாம் எங்கே போயிற்று என்று சத்துணவுக் கூடத்தில் கேட்டேன். சாம்பாரில் போட்டாச்சு, பிள்ளைகள் சாப்பிட்டாச்சு என்றார்கள். தடயம் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கோமதியிடம் சொன்னேன், தப்பு கிடைத்துவிட்டது, மாற்று என்று. அவள் என்னிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டாள். பிள்ளை சொன்னதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்க அங்க எதுக்குப் போனீங்க?"

ஒரு பரிசோதகனிடம் கேட்கிற கேள்வியா இது? நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவள் பிள்ளையை மாற்றவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. அதனால்தான் உங்கள் ஆபீசுக்கு எழுதினேன். நடந்ததை மட்டும் எழுதினேன். பிள்ளை பிடியை விட்டது, வண்டி வந்தது. ஒரு எழுத்தும் பொய் இல்லை.

விசாரணை முடியும்வரை பிள்ளைகள் வெளியே போகக் கூடாது, முற்றத்துக்கும் போகக் கூடாது என்று உங்கள் ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். கயிறு ஆணிக்குப் போயிற்று. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. சத்தமில்லை. பைபாஸ் பள்ளிக்கூடத்தில் நான் பார்த்துப் பிடித்துப்போன மாதிரியே இருக்கிறது. சந்தோஷம்தான்.

தினமும் வந்து சுவரோரம் நிற்கிறேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நிழல் சும்மா கிடக்கிறது. மணி அடித்த பிறகுதான் பிள்ளைகள் எழுந்திருக்கின்றன. சாயங்காலம் மிதுனாவிடம் இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், "உக்காரச் சொன்னாங்க" என்கிறாள். வேறே? "அவ்ளோதான்." முந்தியெல்லாம் நான் கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள் பதில் வந்துவிடும். இப்போது விசாரிக்கவே ஒன்றும் இல்லை. முந்தாநாள் வாளிக்குப் பக்கத்தில் என் பல்செட்டை வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனேன். எடுத்து மேஜையில் வைத்திருந்தாள்.

அதை எழுத வேண்டாம்.

என்ன பக்கத்தைத் திருப்புகிறீர்கள்? டீச்சர் வாக்குமூலமா? காலையிலேயே வாங்கிவிட்டீர்களா? என்ன சொன்னார்?

மறுபடி சொல்லுங்கள்.

தன்னுடைய கவனக்குறைவு என்றா? வேறு யாரும் காரணமில்லை என்றா? என் பெயர்? என் பெயரே வரவில்லையா? பதநீர் வண்டி?

சார், நான் முப்பது வருஷம் பஸ்ஸில் ஏறி இறங்கியவன். பிடிபட்ட கண்டக்டர் முதலில் பாசஞ்சரைச் சொல்வான். பாசஞ்சர் இல்லாவிட்டால் டிரைவரைச் சொல்வான். யாருமே இல்லாவிட்டால் மெஷின் ரிப்பேர் என்பான். கையில் ஆள் இருந்தும் சொல்லாமல் விட்ட ஒரு கண்டக்டரை நான் பார்த்ததில்லை. இந்த அம்மாவுக்கு நான் யார்? தினமும் சுவரோரம் நின்று கழுத்தறுக்கிறவன். என்னைக் காப்பாற்றி இவருக்கு என்ன ஆகப்போகிறது? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பெரிய சந்தேகமாக இருக்கிறது.

அந்த வாக்குமூலம் செல்லாது. அடியுங்கள். ஆமாம், அடிக்கத்தான் சொல்கிறேன். நடந்தது முழுசாக இல்லை அதில். எழுதுங்கள். பதநீர் வண்டிக்குப் பின்னால் ஒரு ஆள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான். துண்டு நழுவியது. பிள்ளைக்கு அந்த முகம் தெரிந்த முகம். அதைப் பார்த்துத்தான் கயிற்றை விட்டது. அந்த ஆள் பெயர் பலவேசம்.

இதில் ஒப்புக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை. நான் என் வேலையைப் பார்த்தேன். ஆனால் நடந்ததில் பாதியை விட்டுவிட்டு எழுதினால் அதற்குப் பெயர் வாக்குமூலம் இல்லை. என் புகாரில் அது இல்லையே என்கிறீர்களா? புகாரில் கேட்கவில்லை, நான் எழுதவில்லை. இப்போது நீங்கள் கேட்டீர்கள். கேட்கவில்லையா? சரி, கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் டீச்சருக்கு மாறுதல் இல்லை. அதுதானே? அது உங்கள் முடிவு. எனக்கென்ன.

இன்னும் என்ன எழுதுகிறீர்கள்? படியுங்கள் அதை. 'இனிவரும் காலங்களில் மழலையர் வகுப்புக் குழந்தைகளைப் பள்ளி வளாகத்துக்கு வெளியே...' நிறுத்துங்கள். அதை யார் சொன்னது? நான் சொன்னேனா? என் புகாரில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்.

கண்டக்டர் தப்பு செய்தால் கண்டக்டருக்கு மெமோ கொடுப்போம். ரூட்டை நிறுத்துவோமா சார்? ஊர்ச் சனம் எதில் போகும்? எந்த டிப்போவில் படித்துவிட்டு வந்தீர்கள் இதை?

பாதுகாப்பா? பெரிய ஆள் ஒருத்தர்தான் இருக்கிறார், முன்னால் அவர் போனால் பின்னால் யாரும் இல்லை, ஆயா வேலைக்கு ஆளே போடவில்லை, அதனால் போகக் கூடாது. அப்படியா? ஆள் போடாதது உங்கள் ஆபீஸ். உட்கார வைப்பது பிள்ளைகளையா? தனியார் பள்ளிக்கூடத்துக்காரன் யாராவது உங்களைப் பார்த்தானா? கோபப்படாதீர்கள். கேட்டேன். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள், தீர்ந்தது.

சரி. கடைசி முடிச்சுக்குப் பின்னால் பெரிய ஆள் ஒருத்தர் வேண்டும். அவ்வளவுதானே குறை? அந்த ஆள் இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுவீர்களா?

என்னை ஏன் பார்க்கிறீர்கள்?

வயதா? காலையிலிருந்து சாப்பாட்டு மணிவரை சுவரோரம் நிற்கிறவனுக்குச் சந்தைவரை நடக்க முடியாதா? நீங்கள் இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள் முதலில், யாருக்கு முட்டி பிடிக்கிறது என்று பார்ப்போம்.

எழுதுங்கள். பலவேசம், கயிற்றின் பின்பக்கம். கண்டக்டர் ஸனாதான். அதில் நான் தலையிட மாட்டேன். ரைட் கொடுப்பது அவள், நிறுத்துவது அவள். வண்டி எதுவும் ரிவர்ஸில் வந்தால் நான் பின்னால் நிற்பேன். டீச்சருக்கு உதவியாக என்று எழுதாதீர்கள். உதவி இல்லை இது. தூரத்திலிருந்து பார்த்தால் பாதிதான் தெரிகிறது. அந்த அம்மா என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று கிட்டே இருந்து பார்த்தால்தான் பிடிக்க முடியும். ஒரு நாள் பிடிப்பேன்.

எந்த முறையில் வருகிறேன் என்றா? அதற்குத் தனிக் கட்டம் வேறு இருக்கிறதா? பெற்றோர் என்று போட முடியாது. தன்னார்வலரா? அப்படி ஒரு பெயர் எனக்கு வேண்டாம். 'டீச்சர் மேல் சந்தேகம் உள்ளவர்' என்று போடுங்கள். போட முடியாதா? உண்மையைப் போடுவதற்குக் கட்டம் இல்லாமல் என்ன காகிதம் அடிக்கிறீர்கள்? சரி, தாத்தா என்று போடுங்கள். யார் தாத்தா என்று போட வேண்டாம்.

படித்துக் காட்டுங்கள். மெதுவாக.

ம். அந்த வரியை அடித்துவிட்டீர்களா? காட்டுங்கள். இன்னும் அழுத்தி அடியுங்கள், கீழே இருப்பது தெரிகிறது.

பேனாவைக் கொடுங்கள்.

போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். அந்தம்மா வராந்தாவில்தான் நிற்கிறார். நாளைக்குக் கயிறு பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கேட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். நான் போய்க் கேட்க மாட்டேன்.